பெட்டகத்து வெள்ளிக் காசுகளுக்குத் தரச்சான்று வேண்டுமா?

கேள்வி: வீட்டைப் பங்கு பிரிப்பதற்காக இரண்டாங்கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்தபோது, என் கணவரின் ஐயா ரங்கூனுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்துக் காசுகள் ஒரு துணிப்பையில் இருந்தன. 1840 முதல் 1945 வரையிலான வெள்ளி ரூபாய்கள், பிரெஞ்சு இந்தோசீனாவின் வெள்ளி நாணயமான பியாஸ்தர்கள் சில, காசுமாலையிலிருந்து கழன்ற ஒரு பவுன் காசு, ஒரு பிடி அம்மன் காசு ஆகியவை அதில் உள்ளன. எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கினால் பல மடங்கு விலை கிடைக்கும் என்கிறார் கொழுந்தனார் மகன். காரைக்குடிக் கடைக்காரர் ஒருவர் வெள்ளி விலைக்கே கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அனுப்பும் முன் விபூதி போட்டுத் துலக்கிவிடலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்ற எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது. தயவுசெய்து துலக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கும் தட்டுக்கும் விபூதியும் புளியும் ஏற்றவையாக இருக்கலாம்; காசின் முகத்திலோ அவை மெல்லிய கீறல்களை உண்டாக்கி, அச்சிட்டபோது உலோகத்தில் படிந்த இயல்பான ஒளியை அழித்துவிடும். அந்தக் கீறல்கள் உருப்பெருக்கியில் உடனே தெரிந்துவிடும். தெரிந்தால் மதிப்பீட்டாளர் அந்தக் காசுக்கு எண் தரமே கொடுக்காமல், துலக்கப்பட்டது என்று மட்டும் குறித்துத் திருப்பிவிடுவார். மேலே படிந்திருக்கும் கருமை கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். அது காசுக்குக் கேடு செய்வதில்லை, சேகரிப்பாளர்கள் அதை விரும்பவும் செய்கிறார்கள். காசை விளிம்பில் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், அது நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும்.

இனி தரச்சான்று. பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டன. காசு உண்மையானதா என்று பார்த்து, 1 முதல் 70 வரையிலான அளவில் அதன் நிலைக்கு ஓர் எண் கொடுத்து, பிரித்தால் தெரிந்துவிடும் பேழையில் அடைத்துத் தருவதே அவர்கள் வேலை. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு என்று பொருள். அந்தப் பேழை காசை அரியதாக ஆக்குவதில்லை. காசு அரியதாக இருந்து, அசலா போலியா என்ற ஐயமோ நிலையில் ஒரு படி ஏறியிறங்கினால் விலை பெரிதும் மாறும் என்ற நிலையோ இருந்து, நீங்கள் அதை விற்கவும் போகிறீர்கள் என்றால்தான் செலவு செய்வதில் நியாயம் உண்டு. கட்டணம், அஞ்சல், காப்பீடு, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டி, சான்றினால் கூடக்கூடிய விலை அதைப் போல இரண்டு மடங்காவது வராது என்று தோன்றினால் நான் அனுப்பச் சொல்ல மாட்டேன்.

கொழுந்தனார் மகன் கவனிக்க வேண்டிய பெரிய தடை ஒன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தரம் பார்த்துத் திரும்பி வரும் என்பது விலக்கு ஆகாது. எனவே விக்டோரியா, ஏழாம் எட்வர்டு காலத்துக் காசுகளும், ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 1922 வரை வந்த ரூபாய்களும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. இந்தியாவில் முகவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், காசு எந்த ஊரில் வைத்துப் பார்க்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பையில் உள்ளவற்றைப் பிரித்துப் பார்ப்போம். 1840 என்று பொறித்த ரூபாய் பழமையானதாகத் தோன்றினாலும், அதே ஆண்டைத் தாங்கி 1862 வரை அச்சானதால் அரிதல்ல. தேய்ந்திருந்தால் சான்று வீண். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். அரசர் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எழுந்த எதிர்ப்பால் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்ட காசு அது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் ஒன்று இருந்தால், அதுதான் இந்தப் பையிலேயே சான்றுக்கு மிகவும் தகுதியானது: உயர் வெள்ளியில் வந்த கடைசி ரூபாய், அரிது, போலிகளும் உலவுகின்றன. நூறு ஆண்டு ஆகாததால் சுங்க விதிகளுக்கு உட்பட்டு வெளியே அனுப்பவும் வழியுண்டு. 1895 முதல் 1928 வரை வந்த பியாஸ்தர் 27 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் கொண்டது. தென்கிழக்காசியாவில் இதற்குப் போலிகள் மிகுதி என்பதால், முதலில் நுண்ணிய தராசில் நிறுத்து, காந்தம் இழுக்கிறதா என்றும் பாருங்கள். பவுன் காசில் வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் அதற்கு எண் தரம் கிடைக்காது. தங்க மதிப்புக்கே அது போகும். புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் கிடைப்பது. அதன் விலையைப் போலப் பல மடங்கு சான்றுக்கே ஆகும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள், பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்தச் சிறு செப்புக் காசு இந்தப் பகுதியின் சொந்தக் காசு.

கடைக்காரர் கேட்கும் வெள்ளி விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது. அதில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. இரண்டையும் ஒரே குவியலாக நிறுத்து ஒரே விலை பேசினால் இழப்பு உங்களுக்குத்தான். ஆண்டுவாரியாகப் பிரித்துவிட்டுப் பேசுங்கள், ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள்.

பங்கு பிரியாத சொத்து என்பதால், காசை வெளியே எடுக்கும் முன் பங்காளிகள் எல்லாரும் இருக்க, இருபுறமும் படம் எடுத்து, எடை எழுதி, ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்தக் காசுக்குச் செலவு செய்வது, அதை யார் தாங்குவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். என் கணிப்பில் உங்கள் பையிலிருந்து சான்றுக்குப் போகத் தக்கவை இரண்டு மூன்று காசுகளுக்கு மேல் இரா.

கேள்வி: இராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா ஒன்று என்னிடம் இருக்கிறது. ரிசர்வ் வங்கிச் சான்றுடன் பல லட்சத்துக்கு விற்றுத் தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: கட்டாதீர்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை; பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லை அது, எந்தத் தரச்சான்றும் அதற்குக் கிடைக்காது. பழைய காசு வாங்குவதிலோ விற்பதிலோ தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை இன்றே அழைத்துப் புகார் பதியுங்கள்.