சாயச் சேறு எதுக்குங்க?

கேள்வி: நொய்யலோரம் எங்கள் தோட்டத்துப் பக்கம் யூனிவர்சிட்டி பிள்ளைகள் வந்து பாட்டிலில் சேறு அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல மண் இருக்க, சாயம் ஊறின சேறு எதுக்குங்க? அதை வைத்து ஆற்றைச் சுத்தம் பண்ண முடியுமா?
— வாசகர், சென்னிமலை

பதில்: நல்ல மண்ணில் இருக்கிற பாக்டீரியாவுக்குச் சாயத்தைத் தின்ன வேண்டிய அவசியமே வந்ததில்லைங்க. வருஷக்கணக்காகச் சாயத்தண்ணீர் ஓடின இடத்தில் தாங்காததெல்லாம் செத்து, தாங்கினது மட்டும் மிஞ்சியிருக்கும். லேபில் அந்தச் சேற்றுக்குச் சாயத்தைத் தவிர வேறு தீனி போடாமல் வைத்து, எது பெருகுகிறதோ அதைத் தனியே பிரித்து வளர்ப்பார்கள். பட்டினி போட்டு ஆள் பிடிக்கிற வேலை.

துணிச் சாயங்களில் ஏகப்பட்டவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த இணைப்பு அதில் இருக்கிறது, நிறத்துக்கு அதுதான் ஆதாரம். காற்றுப்படாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அதை அறுத்துவிட, தண்ணீர் வெளுத்துவிடும். ஆனால் அறுந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை, அதனால் அடுத்த தொட்டியில் காற்று ஊதி, வேறு பாக்டீரியாவைக் கொண்டு அவற்றையும் சிதைக்க வேண்டும். ‘நிறம் போயிருச்சு பாருங்க’ என்று யாராவது பாட்டிலைத் தூக்கிக் காட்டினால், அமீன் இருக்கா, உப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

உப்புதான் பெரிய தலைவலி. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள், அதை எந்தக் கிருமியும் தின்று தீர்க்காது. நொய்யலில் வந்த சாயக்கழிவு தேங்கின ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாய்ந்த வயல்காடுகள் கெட்டதும் உப்பால்தான். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்குகிற இயந்திரமும் வேண்டும். சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, முன்னால் அழுக்கைத் தின்று குறைப்பதுதான் பாக்டீரியாவின் வேலை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பதை நிறைவேற்றாததால்தான். ஆகவே அந்தப் பிள்ளைகளின் பாட்டில் ஆற்றுக்கு உதவாது, பட்டறைக்கு உதவும்.

கேள்வி: கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் நமக்கென்ன?
— வாசகர், நாமக்கல்

பதில்: தீவனத்தோடு மருந்தும் போனால், கோழி வயிற்றில் மருந்துக்குச் சாகாத பாக்டீரியாதான் மிஞ்சிப் பெருகும். அது, அந்தத் தாங்கும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற வேறு ஜாதி பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். கொலிஸ்டின், வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகப் போடுகிற மருந்து. அதைத் தாங்குகிற, இப்படிக் கைமாறக்கூடிய மரபணு ஒன்றை 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். 2019-இல் இந்தியாவும் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்தது. கறியை நன்றாக வேக வைத்தால் கிருமி செத்துவிடும், சரி. பண்ணை எருவோடு வயல்காட்டுக்குப் போகிற கிருமியை யார் வேக வைப்பது?