வாசகர் கேள்வி – பதில்: அழுதால் அவிசுவாசமா?

கேள்வி: ஐயா, நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து என் கணவருக்கு முதுகெலும்பு பழுதாகிவிட்டது; அன்றிலிருந்து அவருக்கு வேலை இல்லை. கடந்த மழையில் நாங்கள் குடியிருந்த லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) சுவர் வெடித்ததால், பிள்ளைகளோடு உறவினர் ஒருவரின் காம்பராவில் (அறையில்) ஒதுங்கியிருக்கிறோம். பறித்த கொழுந்தின் கிலோ குறைகிற நாளில் எனக்கு அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழுகிறது. சபையில் ஒருவர், “சகலமும் நன்மைக்கே, அழக்கூடாது” என்கிறார். இன்னொருவர், மறைவான பாவம் ஏதும் உண்டா என்று ஆராயச் சொல்கிறார். ஜெபிக்க முழங்காலிட்டால் அழுகைதான் வருகிறது. தேவன் நடத்துகிறார் என்று நம்புகிறவள் இப்படி அழலாமா?
– ஒரு வாசகி, ஹப்புத்தளை

பதில்: அன்புச் சகோதரி, பாவத்தை ஆராயச் சொன்னவருக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே மறுத்தார் (லூக்கா 13). உங்கள் பகுதியிலிருந்து அதிக தொலைவில்லாத கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று மண்ணுக்குள் போனவர்கள் நம்மைவிடப் பாவிகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். மனிதர் செய்யத் தவறியதைத் தேவ சித்தம் என்ற பெயரால் மூடிவிடுவது பக்தியாகாது.

அடுத்தது, “சகலமும் நன்மைக்கே” என்றவர் மனதில் வைத்திருந்த ரோமர் 8:28. அந்த வசனம் மெய்யானது. ஆனால் உங்களிடம் அது பாதியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சகலமும் நல்லது என்று பவுல் எழுதவில்லை. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்றே எழுதினார். நாம் கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாவதே அந்த நன்மை என்பதை அடுத்த வசனம் விளக்குகிறது. முதுகெலும்பு பழுதானது தீமைதான்; அதை நன்மை என்று அழைக்கும்படி தேவன் உங்களைக் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில் சற்று மேலே, சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்றும், வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்றும் வாசிக்கிறோம். ஆகையால் சொற்கள் வராமல் நீங்கள் அழுகிற அந்த நேரமும் ஜெபம்தான்.

“தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்று யோசேப்பு சொன்னதையும் உங்களுக்கு நினைவூட்டியிருப்பார்கள். அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் கவனியுங்கள். 17 வயதில் சகோதரர்களால் குழியில் போடப்பட்டு விற்கப்பட்ட யோசேப்பு, 30 வயதில் பார்வோனுக்கு முன் நின்றார். பஞ்சகாலத்தில் எகிப்துக்கு வந்த தகப்பன் அங்கே மேலும் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பின்னரே, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்த நிலையில், பாடுபட்ட அவரே தம் வாயால் அதைச் சொன்னார். அவர் குழிக்குள் கிடந்தபோது மேலே நின்றுகொண்டு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உங்கள் வாழ்க்கையைக் குறித்து அப்படிச் சொல்லும் உரிமை உங்களுக்கே உண்டு. அதை இன்றே சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துத் திரும்பிய நகோமி, “சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்” என்று ஊரார் முன்னிலையில் முறையிட்டாள். அதற்காக அவளைத் தேவன் கடிந்துகொண்டதாக ரூத்தின் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அவள் வீட்டுக்குத் தானியம் வந்த வழியையும் பாருங்கள். அறுவடையில் சிந்திய கதிர்களை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்று நியாயப்பிரமாணம் கட்டளையிட்டிருந்தது. போவாஸ் அதற்குக் கீழ்ப்படிந்தான். நகோமியின் மருமகள் ரூத் வெயிலில் போய்ப் பொறுக்கினாள். தேவனுடைய பராமரிப்பு ஒரு சட்டத்தின் வழியாகவும், அதை மதித்த ஒரு நிலக்காரன் வழியாகவும், உழைத்த ஒரு பெண்ணின் கைகள் வழியாகவும் வந்தது.

ஆகவே உங்கள் கணவரின் காரியத்தைச் சட்டப்படி கேட்பதை விசுவாசக் குறைவாக எண்ணவேண்டாம். வேலை செய்யும்போது நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. வைத்தியசாலைத் துண்டுகளோடு தொழில் திணைக்களத்திலோ உங்கள் சங்கத்திலோ தாமதிக்காமல் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துப் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை, விசுவாசத்தின் பெயரால் யார் அழைத்தாலும் அந்த லயத்துக்குப் பிள்ளைகளோடு திரும்பவேண்டாம். கிராம உத்தியோகத்தர் மூலம் எழுத்தில் முறையிடுங்கள்.

உங்கள் சபையாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரிடம் “குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்கிறார். வசனம் சொல்லப் போகிறவர்கள் ஒரு பை அரிசியோடு போகட்டும்.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால், தேவன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைக்கு அது விரோதமாகுமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: ஆகாது. அறுத்தவர்களுடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு 5:4 சொல்கிறது. கர்த்தர் கேட்கிற அந்தக் குரலைத் தொழிலாளி வாய்விட்டுச் சொல்வதில் தவறில்லை. வேலைக்குப் போகிறவரை அடிப்பதும், பொய்க் கணக்குக் காட்டுவதும் வேறு காரியம். அவற்றில் நீங்கள் சேரக்கூடாது.