மொட்டைக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து

வணக்கம் சார்,

வேளச்சேரியில் 42 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. சங்கத்தின் தண்ணீர் லாரிக் கணக்கில் எங்களில் பலருக்குச் சந்தேகம். பெயர் போட்டுக் கேட்டால் மறுநாளே பார்க்கிங், மோட்டார் என்று குடைச்சல் ஆரம்பமாகிவிடும். அதனால் புகார்ப் பெட்டியில் பெயரில்லாமல் 7 கடிதங்கள் விழுந்தன. "மொட்டைக் கடுதாசி எவன் வேணா போடுவான். ஏழும் ஒரே ஆள் எழுதினது, அதுவும் வெளியாள்" என்று செயலாளர் கூட்டத்திலேயே கிழித்துப் போட்டார். எழுதியவர் குழுவைச் சேர்ந்தவர்தான் என்று காட்டி, யார் என்பதை மட்டும் மறைக்கிற டிஜிட்டல் கையெழுத்து இருப்பதாக மகன் சொல்கிறான். உண்மையா? எங்களுக்கு உதவுமா? என் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள வாசகருக்கு,

உண்மைதான். இந்தக் கடிதத்தையே நீங்கள் ஏறக்குறைய அப்படித்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், படிப்பவர்களுக்குத் தெரியாது. தகராறு வந்தால் நான் பெயரைச் சொல்லிவிடவும் முடியும். 1991இல் டேவிட் சௌம், வான் ஹெய்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த குழுக் கையொப்பத்தில் என் இடத்தில் ஒரு மேலாளர் இருப்பார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சாதாரண ஆபீஸ் பிரிண்டர். அச்சடிப்பவர் அந்தத் துறைக்காரர்தான் என்று பிரிண்டருக்குத் தெரிய வேண்டும், பெயர் தெரியக் கூடாது. யாராவது அளவுக்கு மீறி அடித்துத் தள்ளினால் மட்டும், பில் அனுப்புவதற்காக இயக்குநர் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

பின்னாளில் வந்த முறைகளில் மேலாளர் ஒவ்வொருவருக்கும் ரகசியமாக ஒரு சான்று தருவார். கையெழுத்திடும்போது அதை வெளியே காட்டுவதில்லை. அது தன்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் கணக்குப் போட்டு நிரூபிக்கிறார்கள். கூடவே, மேலாளர் மட்டும் திறக்கக்கூடிய பூட்டுக்குள் தன் அடையாளத்தை வைத்து ஒட்ட வேண்டும். உள்ளே வெற்றுத்தாளை வைத்து ஏமாற்ற முடியாது, அதற்கும் நிரூபணம் உண்டு. முதலில் வந்த பல முறைகளில் ஆள் கூடக்கூடக் கையொப்பமும் நீண்டுகொண்டே போனது. 1997இல் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 2004இல் 200 பைட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் படத்தோடு ஒப்பிட்டால் தூசு.

சரி, உங்கள் கட்டடத்தில் அந்த மேலாளர் யார்? செயலாளர்தான்! அப்புறம் எதற்கு இத்தனை கணக்கு? திறக்கும் சாவியை ஐந்து துண்டாக்கி, மூன்று பேர் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைக்கலாம். கணினி அறிஞர் அடி ஷமீர் 1979லேயே அதற்கு வழி சொல்லிவிட்டார். அந்த ஐந்து பேரையும் செயலாளரே பொறுக்கி எடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே ஷமீர், ரிவெஸ்ட், டௌமன் மூவரும் 2001இல் மேலாளரையே தூக்கிவிட்டார்கள். அதற்கு வளையக் கையொப்பம் என்று பெயர். மாலை கட்டுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு டிஜிட்டல் சாவி: ஊருக்கே காட்டலாம் என்பது பொதுச் சாவி, தான் மட்டும் வைத்துக்கொள்வது தனிச் சாவி. 42 பேரின் பொதுச் சாவிகளையும் எடுத்து, மற்ற 41 பேருக்கும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டே வரலாம். மிச்சமிருக்கும் ஒரு இடைவெளி பொருந்தி வளையம் மூட, அந்த 42 பேரில் யாராவது ஒருவரின் தனிச் சாவி கட்டாயம் வேண்டும். மூடிய பிறகு முடிச்சு எந்த இடத்தில் விழுந்தது என்று எவ்வளவு பெரிய கணினியாலும் சொல்ல முடியாது. அந்த 41 பேரிடம் அனுமதிகூடக் கேட்க வேண்டியதில்லை. நம் ஊர் மகஜரில் முதல் பெயர் போட்டவன்தானே மாட்டுவான், இதில் முதல் பெயரே கிடையாது.

இதனால் 'வெளியாள்' என்ற பேச்சு அடிபட்டுப் போகும். 'ஒரே ஆள்' என்பது அப்படியே நிற்கிறதே! அதற்கும் 2004இல் ஒரு வகை வந்தது. அதில் ஒவ்வொரு கையொப்பத்தோடும் ஒரு குறி சேர்ந்துவரும். ஒருவரே இரண்டு முறை போட்டால் இரண்டிலும் ஒரே குறி, ஆள் யார் என்பது மட்டும் தெரியாது. மொனேரோ என்ற மறைநாணயத்தில் (கிரிப்டோகரன்சி) ஒரே காசை இரண்டு முறை செலவழிப்பதைத் தடுப்பதும் இதே உத்திதான். 7 கடிதத்தில் 7 குறி வந்தால் செயலாளர் வாயடைத்துப் போவார்.

ஆனால் அந்தக் குறியே கையைக் கடிக்கவும் செய்யும். உங்கள் குறி உங்கள் தனிச் சாவியிலிருந்து பிறப்பது. செயலாளர் வீடு வீடாகப் போய், "நீ எழுதலைன்னா உன் சாவியில ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டு" என்று கேட்டால், எழுதாதவர்களின் குறி வேறாக வந்து அவர்கள் தப்பித்துவிடுவார்கள். காட்ட மறுப்பவர்கள்மேல்தான் கண் விழும். 7 பேர் எழுதினால் இது ஆபத்து. 30 பேர் எழுதினால் செயலாளர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோவார்.

நடைமுறைத் தலைவலி ஒன்று உண்டு. இதற்கெல்லாம் 42 வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி வேண்டும். ஜிஎஸ்டிக்காக ஆடிட்டர் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கும் அந்த டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கன் இதற்கு ஆகாது. அது உங்கள் பெயரைச் சொல்வதற்கென்றே செய்யப்பட்டது, தவிர அது உங்கள் கையிலும் இல்லை. உங்கள் மகனே எல்லோருக்கும் சாவி உருவாக்கிக் கொடுத்துவிடவும் கூடாது. அவரவர் போனில் அவரவரே உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். வேறு ஏதோ காரணம் சொல்லி ஒட்ட வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கடைசியாக, கணக்கு மறைப்பது கையெழுத்தை மட்டும்தான், எழுதியதை மறைக்காது. உங்கள் கடிதத்தில் எத்தனையாவது மாடி, காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, அன்று வாசலில் லாரிக்காரரிடம் என்ன கேட்டீர்கள் என்று மூன்று வரிகள் இருந்தன. பெயரோடு சேர்த்து அவற்றையும் எடுத்துவிட்டேன்.