வீல் பேரிங் கேள்வி பதில்: சத்தம், ஆட்டம், சுத்தியல்

இந்தத் தடவ வீல் பேரிங் மட்டும்தான். சக்கரத்தோட நடுப்பகுதியான ஹப்புல உக்காந்து, அதை ஆக்ஸில் மேல சுத்த விடுறது அது: ஒரு உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவுல குண்டுகள். இன்ஜின், கிளட்ச், சிஓஇ (சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்க வாங்குற சான்று) எல்லாம் இன்னொரு நாள். ஆரம்பிக்கும்போதே ஒண்ணு சொல்லிடுறேன், நடுவுலயும் சொல்லுவேன்: பேரிங் தானா சாகுறது கம்மி. ஜெட் தண்ணி, சுத்தியல், முறுக்கி வச்ச செயின், இதுல ஏதோ ஒண்ணு கொன்னிருக்கும். அது எதுன்னு பாக்காம புதுசு மாட்டினா அதுவும் அதே வழியிலதான் போகும்.

ஈசூன் ரைடர்: அண்ணே, அறுபது தாண்டினா முன்னாடியிருந்து ‘ஊர்ர்ர்’னு சத்தம். டயரா, பேரிங்கா?

ரோடு மாறும்போது சத்தமும் மாறுதான்னு கவனிங்க தம்பி. புதுத் தார்ல அடங்கி, பழைய ரோட்டுல கூடினா பெரும்பாலும் டயர்தான். எந்த ரோட்டுலயும் ஒரே மாதிரி, வேகத்தோட மட்டும் ஏறி இறங்கினா பேரிங்கை சந்தேகப்படணும்.

அடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரோட மேலயும் கீழயும் பிடிச்சு தள்ளி இழுங்க. அப்புறம் இடது வலது. ‘டக்’குனு ஒரு ஆட்டம் தெரிஞ்சா வேலை முத்திப்போச்சு. ஆனா ஃபோர்க்கும் சேர்ந்து முன்ன பின்ன அசைஞ்சா அது கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்), வீல் பேரிங் இல்ல. பாதிப் பேர் இங்கதான் ஏமாறுறாங்க.

ஆட்டம் இல்லைங்கிறதால பேரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆட்டம் கடைசியாத்தான் வரும். சக்கரத்தைக் கழட்டி, உள் வளையத்துல விரலை விட்டு மெதுவா சுத்திப் பாருங்க. நல்ல பேரிங் வழவழன்னு, கொஞ்சம் இழுவையோட சுத்தும். மணல் அரைக்கிற மாதிரி இருந்தாலோ, ஒரு இடத்துல மாட்டி மாட்டிப் போனாலோ மாத்திடணும். இன்னொண்ணு, ரப்பர் சீல் வச்ச பேரிங் இழுவையே இல்லாம விர்ருன்னு சுத்தினா சந்தோஷப்படாதீங்க, உள்ள கிரீஸ் காலி. சீல் ஓரத்துல துரு கசிஞ்சிருந்தாலோ, கிரீஸ் பால் காப்பி நிறத்துல இருந்தாலோ தண்ணி போயிருக்கு. பெட்ரோல் ஸ்டேஷன்ல ஜெட்டை நேரா ஹப்புக்குப் பிடிச்சீங்களா? அந்த சீல் மழைக்கும் தூசிக்கும் தாங்கும், ஜெட் அழுத்தத்துக்கு இல்ல.

சோறு டெலிவரி: அண்ணே, ஹோண்டா வேவ் பைக் ஓட்டுறேன். பின் பேரிங் மூணாவது தடவையா போயிடுச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டு மாசம்தான். கடையில ‘சைனா பேரிங், அப்படித்தான் லா’ங்கிறாங்க.

சைனா பேரிங்கே ஆனாலும் ரெண்டு மாசத்துல சாகாது. உங்க ஹப் உள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கணும். அது இருக்கா, இருந்தா முழு நீளத்துல இருக்கா, அதைப் பாருங்க.

ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கம் முழுக்க உள் வளையம், ஸ்பேசர், அடுத்த உள் வளையம்னு நேர்கோட்டுல போகணும். ஸ்பேசர் தேஞ்சு கொஞ்சம் குட்டையா இருந்தாக்கூட ரெண்டு உள் வளையமும் உள்பக்கமா இழுபடும். குண்டுகள் பள்ளத்தோட நடுவுல ஓடாம விளிம்புல ஏறி ஓடும். அப்படி ஓடுற பேரிங் எந்த பிராண்டா இருந்தாலும் சீக்கிரம் போகும். நட்டை முறுக்குறதுக்கு முன்ன லேசா சுத்துற சக்கரம், முறுக்கின அப்புறம் கனமாச்சுன்னா முதல் சந்தேகம் இதுதான்.

மாட்டுற முறையிலயும் இதே பிரச்சினை வரும். முதல் பேரிங்கை ஹப்புல அடி வரைக்கும் இறக்கணும். எந்தப் பக்கம் முதல்லன்னு மேனுவல்ல இருக்கும். ரெண்டாவதை ஸ்பேசரைத் தொடுற வரைக்கும்தான் இறக்கணும். அதுக்கு மேல ஒரு அடி போட்டாலும் புது பேரிங் பக்கவாட்டு அழுத்தத்தோடதான் வாழ்க்கையைத் தொடங்கும்.

உங்க விஷயத்துல செயினையும் பாக்கணும். பின்னாடி பெட்டி நிறைய சாப்பாடு வச்சு ஓட்டுறீங்க. ஆள் ஏறாதப்ப சரியா தெரியிற செயின், ஆளும் பெட்டியும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினதும் விறைச்சுக்கும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) பக்கத்து பேரிங்தான் அந்த இழுப்பை வாங்கும். நீங்க உக்காந்து, வேற யாரையாவது செயினைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.

தெம்பனிஸ் ராணி: வளைவு திரும்பி வந்ததும் முன் பிரேக் லீவர் உள்ள போகுது. ரெண்டாவது தடவ அமுக்கினா சரியாயிடுது. பிரேக் ஆயில் மாத்தியாச்சு. காத்து இல்ல.

நல்ல கேள்விம்மா. பேரிங்ல ஆட்டம் இருந்தா வளைவுல டிஸ்க் லேசா சாயும். சாயிற டிஸ்க் பேடைப் பின்னாடி தள்ளி வச்சிடும். அடுத்த தடவ முதல் அமுக்கு அந்த இடைவெளியை மூடுறதுலயே போயிடும், ரெண்டாவதுதான் பிடிக்கும். டிஸ்க் கோணலா இருந்தாலும் இப்படி வரும். ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க.

ஜூரோங் 2பி: 6201 நம்பர் பேரிங்குக்குப் பதிலா 6301 போடலாமா? ரெண்டுக்கும் ஓட்டை ஒண்ணுதான்னு கடையில சொல்றாங்க.

ஓட்டை ஒண்ணுதான், 12 மி.மீ. ஆனா 6201ஓட வெளிவிட்டம் 32, அகலம் 10. 6301க்கு 37, 12. ஹப்புக்குள்ளயே போகாது. கடைசி ரெண்டு எண்ணைப் பாருங்க: 00ன்னா 10, 01ன்னா 12, 02ன்னா 15, 03ன்னா 17 மி.மீ. 04லிருந்து அஞ்சால பெருக்கிக்கங்க. பின்னாடி 2ஆர்எஸ், எல்எல்யூ, டிடியூ எது இருந்தாலும் ரெண்டு பக்கமும் ரப்பர் சீல்னு அர்த்தம், கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். இசட்இசட் தகரத் தடுப்பு, நம்ம மழைக்கு வேண்டாம். சி3ன்னு இருந்தா உள் இடைவெளி கொஞ்சம் கூட. பழசுல சி3 இருந்தா புதுசும் சி3யே வாங்குங்க.

ஜேபி டு ஜூரோங்: தினமும் ஜொகூர் பாருவிலிருந்து (ஜேபி) காஸ்வே தாண்டி சிங்கப்பூர் வர்றவன் நான். புது பேரிங் வாங்கினதும் சீலை ஊசியால நெம்பி, உள்ள கிரீஸ் நிறைய அடைச்சு மூடிடுவேன். எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான். நீங்க ஏன் இதைச் சொல்றதே இல்ல?

வேண்டாம்னு நினைக்கிறதால சொல்றதில்ல. கம்பெனிக்காரன் உள்ள இருக்கிற காலி இடத்துல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் கிரீஸ் வைக்கிறான். கஞ்சத்தனம் இல்ல, கணக்கு.

மெக்கானிக்கல் மாணவன்: அண்ணா, கிரீஸ் நிறைய இருந்தா சூடாகும்னு சொல்வாங்க. ஆனா 90 கி.மீ. வேகத்துல 17 இஞ்ச் சக்கரம் நிமிஷத்துக்கு 800 சுத்துதான் சுத்துது. அந்த பேரிங் பத்தாயிரத்துக்கு மேல தாங்கும். சூடு ஒரு பிரச்சினையே இல்ல.

ஜேபி டு ஜூரோங்: கேட்டீங்களா! படிச்ச பையனே சொல்றான்.

பையன் கணக்கு சரி. ஆனா சூடுங்கிற வார்த்தையை நான் எடுக்கவே இல்லையே. என் கவலை சீலோட உதடு. உள் வளையத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கிற அந்த மெல்லிசு ரப்பரை ஊசியால நெம்பும்போது ஒரு இடத்துல கீறினாலோ மடிஞ்சாலோ, தண்ணி உள்ள வர நீங்களே வாசல் திறந்து விட்டீங்க. ரெண்டாவது, உள்ள இருக்கிறது பாலியூரியா கிரீஸா இருக்கலாம், நீங்க அடைக்கிறது லித்தியம். ஒத்துப்போகாத ரெண்டு கிரீஸ் கலந்தா இளகி ஒழுகும்.

சேற்று வண்டி: நாங்க மண்ணுல ஓட்டுறவங்க எல்லாரும் அடைக்கிறோம். சேறு உள்ள வராம அதுதான் தடுக்குது.

நீங்க ஓடை இறங்கி ஏறுறீங்க, கெட்டுப்போறதுக்கு முன்னாலயே மாத்துறீங்க. உங்களுக்கு அது சரி. பிகேஇ எக்ஸ்பிரஸ்வேல வேலைக்குப் போறவருக்கு என்னத்துக்கு?

ஜேபி டு ஜூரோங்: என் பேரிங் இதுவரைக்கும் போனதில்ல.

அப்ப உங்க ஸ்பேசர் நல்லா இருக்கு, நீங்க ஜெட் அடிக்கிறதில்ல. புகழ் கிரீஸுக்குப் போகுது. ரொம்ப ஆசையா இருந்தா சீலை விட்டுடுங்க, பேரிங்குக்கு வெளிய இருக்கிற ஆயில் சீலோட உதட்டுல புதுக் கிரீஸ் தடவுங்க. தண்ணியை அது முதல் வாசல்லயே நிறுத்தும். இதுக்கு மேல இந்தச் சண்டை வேண்டாம், மத்தவங்க காத்திருக்காங்க.

புக்கிட் பாத்தோக்: சத்தம் வருது அண்ணே, பேரிங்கா?

ஈசூன் தம்பிக்கு மேல எழுதியிருக்கேன், படிங்க.

காலாங் நதி: எத்தன ஆயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்?

அப்படி ஒரு எண் கிடையாது. டயர் மாத்துறப்ப சக்கரம் எப்படியும் கழலுது, அப்ப விரல் விட்டுப் பாருங்க.

செங்காங் சிவப்பு: இன்ஸ்பெக்‌ஷன் பாஸாயிடுச்சு, அப்ப பேரிங் நல்லா இருக்குன்னுதானே?

மூணு வருஷம் தாண்டின பைக்குக்கு வருஷத்துக்கு ஒரு நாள் பாக்குறாங்க, அதுவும் சக்கரத்தைக் கழட்டாம. அந்த நாள் ஆட்டம் இல்லைங்கிறது மட்டும்தான் தெரியும்.

வீல் மன்னன்: முன்னாடி ஒரு மாதிரி சத்தம்…

மேல பாருங்க.

சிக்கன ரைடர்: ஆன்லைன்ல எஸ்கேஎஃப் பிராண்ட் பேரிங் ரொம்ப மலிவா கிடைக்குது. ஜேபிலயும். வாங்கலாமா?

எந்த ஊர் கடைங்கிறது பிரச்சினை இல்ல, போலி எல்லா இடத்துலயும் இருக்கு. எஸ்கேஎஃப் ஆத்தென்டிகேட்னு அவங்களோட ஆப் இருக்கு. பேரிங்கையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினா பாத்துச் சொல்வாங்க. செராமிக் பேரிங் வாங்கலாமான்னு கேட்டவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்: வேண்டாம், அந்தக் காசுல நல்ல டயர் போடுங்க.

வீட்டு மெக்கானிக்: தட்டிக் கழட்டின பேரிங் நல்லாத்தான் சுத்துது, திரும்ப மாட்டலாமா? புதுசுன்னா ஹப்பை ஓவன்ல சூடாக்கலாமா?

முதல் கேள்விக்கு, கூடாது. உள் வளையத்துல அடிச்சுத்தானே வெளிய எடுத்தீங்க? அந்த அடி முழுக்க குண்டு வழியாத்தான் வெளி வளையத்துக்குப் போயிருக்கு. கண்ணுக்குத் தெரியாத குழி விழுந்திருக்கும், கொஞ்ச நாள்ல சத்தம் போடும். இதனாலதான் புதுசை மாட்டும்போது வெளி வளையத்துல மட்டும் அழுத்தணும். சரியான அளவு சாக்கெட்டோ பழைய பேரிங்கோ வச்சு நேரா இறக்குங்க. கோணலா போனா நிறுத்திடுங்க.

ஓவன் வேண்டாம், வீட்டுல சமாதானமா இருங்க. ஹீட் கன் போதும், ஹப்பை மட்டும் காட்டுங்க. தண்ணி தெளிச்சா ‘சுர்’ருங்கணும். பேரிங்கை பிளாஸ்டிக் பையில கட்டி ஃப்ரீசர்ல வைங்க. 42 மி.மீ. அலுமினியத் துளை 80 டிகிரி ஏறினா ஏறக்குறைய 0.08 மி.மீ. விரியும். பேரிங் கவ்வி நிக்கிறதே அதைவிடக் கம்மியான அளவுலதான். அதனால சூடா இருக்கும்போது கிட்டத்தட்ட தானா விழும். சுத்தியலுக்கு வேலையே இல்ல. ஒரு விஷயம், சக்கரத்தைத் தரையில படுக்க வைக்கும்போது டிஸ்க் மேல எடை விழாமப் பாத்துக்கங்க.

உட்லண்ட்ஸ் ஐயா: தம்பி, என் பழைய பைக்ல பேரிங் கையாலயே உள்ள போயிடுது. கடையில ஹப் சுவரைச் சுத்தி பஞ்ச்சால புள்ளி குத்தி மாட்டிக் கொடுத்தாங்க. ஒரு மாசமா ஓடுது. நாளைக்கு பினாங்கு போறோம்.

ஐயா, போகாதீங்க. வெளி வளையம் ஹப்புக்குள்ளயே சுத்திச் சுத்தி அலுமினியத்தைத் தின்னுடுச்சு. பஞ்ச் குத்தினா அந்தப் புள்ளி முனைகள்தான் பேரிங்கைப் பிடிக்குது, மத்த இடமெல்லாம் காலி. ஓட ஓட முனை மழுங்கும். ஹைவேல முழுசா விட்டுச்சுன்னா சக்கரம் சாயும், டிஸ்க் காலிப்பரைக் கவ்வும். பின் சக்கரம்னா செயின் கழலும். தேய்மானம் ரொம்பக் கம்மின்னா லாக்டைட் பிராண்ட் பசையில ரிட்டெய்னிங் காம்பவுண்டுன்னு தனி வகை இருக்கு, நட்டுக்குப் போடுற வகை இல்ல. சுத்தமா துடைச்சுத் தடவி, காய விடணும். அதுக்கு மேல தேஞ்சிருந்தா லேத்ல ஹப்பைக் கடைஞ்சு வளையம் இறக்கணும், இல்லன்னா வேற ஹப். பினாங்குக்கு இந்தத் தடவ பஸ்ல போயிட்டு வாங்க.