தெருவில் கேட்பாரற்று நிற்கும் கார்: போலீசில் சொன்னால் வம்பாகுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பழைய மாருதி 800 எட்டு மாதமாக நிற்கிறது. நான்கு டயரிலும் காற்றில்லை. பின்கண்ணாடி உடைந்து, மழைத் தண்ணீர் சீட்டுக்கடியில் தேங்கிக் கொசு மொய்க்கிறது. யாருடையது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. போலீசில் சொல்லலாம் என்றால், "எதுக்கு வம்பு? அப்புறம் நம்மளத்தான் அலைய விடுவாங்க" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், சகோதரி. சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொல்வதற்குத் தடையும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 127-வது பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல, அந்தப் பகுதியின் சீருடைக் காவல் அதிகாரி அனுமதி தரலாம். செலவு வண்டிக்காரர் தலையில். நீங்கள் சொல்லும் கார் எட்டு மாதமாக நிற்கிறது! ஆனால் 'பொது இடம்' என்பதைக் கவனியுங்கள். அபார்ட்மெண்ட் வளாகத்துக்குள்ளோ ஒருவருடைய காலி மனையிலோ நின்றால் இந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது. சங்கமோ மனைக்காரரோ புகார் தருவது நல்லது.

முதலில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது; வண்டியின் தயாரிப்பும் வகையும் தெரியும். எதிரே நிற்பது மாருதி, செயலி காட்டுவது வேறு வண்டி என்றால் யோசிக்க வேண்டாம், நேராகப் போலீஸ்தான். நம்பர் பிளேட்டே இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயர் பிடுங்கித் தொங்குகிறது, உள்ளிருந்து துர்நாற்றம் வருகிறது என்றாலும் அப்படியே. அவசரம் என்று தோன்றினால் 112.

அப்படி எதுவும் இல்லையென்றால், மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கொசுப் பிரச்சினையையும் அதிலேயே சொல்லுங்கள். இப்படி நிற்கும் பல வண்டிகளுக்குப் பின்னால் குற்றம் எதுவும் இருப்பதில்லை. உரிமையாளர் இறந்து பிள்ளைகளுக்குள் தகராறு, இல்லையென்றால் ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவரின் பயம். பொய்யென்று தெரிந்தே ஒருவருக்குத் தீங்கு வர வேண்டும் என்று அரசு ஊழியரிடம் தகவல் தந்தால்தான் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவு பாயும். கண்ணால் கண்டதை எழுதுபவருக்கு அது பொருந்தாது. அதனால் மனுவில் "திருட்டு வண்டி" என்று எழுதாதீர்கள். "இந்த எண்ணுள்ள கார், இந்த இடத்தில், சுமார் இந்த மாதத்திலிருந்து நிற்கிறது, அப்புறப்படுத்தக் கோருகிறேன்" என்பது போதும். தேதி தெரியும் இரண்டு புகைப்படங்களை இணைத்து ஸ்டேஷனில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல, மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி. பெயர் தனியாகத் தெரிய வேண்டாம் என்றால் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கதவைத் திறந்து பார்ப்பது, ஆள் வைத்துத் தள்ளி நகர்த்துவது, பழைய இரும்புக்காரருக்குக் காட்டுவது. உரிமையாளர் திடீரென்று வந்து "உள்ளே இருந்த சாமானைக் காணோம்" என்றால், அப்போதுதான் நிஜமாகவே ஸ்டேஷனுக்கு அலைய வேண்டிவரும்.