எல்லாத் தகவலும் போனிலேயே இருக்கும்போது சுகாதாரப் பணியாளர் எதற்கு?

எச்ஐவி பற்றி நகரத்து இளைஞர்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, சமூக சுகாதாரப் பணியாளர் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலையைச் சில காலம் பார்த்தவன் நான்.

சொல்வது அதில் சின்னப் பங்குதான். ஆணுறை போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பரிசோதனைக்குப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ, கவுன்ட்டரில் எல்லோர் காதிலும் விழும்படி "எதுக்கு வந்தே?" என்று கேட்பார்களோ என்ற பயத்தை எந்த வீடியோவும் போக்காது. கூடவே வர ஓர் ஆள் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது நேரம். ஆணுறை கிழிந்துவிட்டால், எச்ஐவி தொற்றாமல் தடுக்க அதற்கப்புறம் சாப்பிடும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பலர் அந்த நேரத்தைத் தேடிப் படிப்பதிலும் கூச்சத்திலும் கழித்துவிட்டு நாலாம் நாள்தான் வாய் திறப்பார்கள். ஏற்கெனவே பழகிய பணியாளர் என்றால் அன்று ராத்திரியே மெசேஜ் வரும். அப்புறம் 28 நாள் மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது இருக்கிறதே, அது தனிப் பாடு. குமட்டுகிறது என்று ஒரு வாரத்திலேயே நிறுத்தப் பார்ப்பார்கள்.

இன்னொரு வகையினர் மறுநாளே பரிசோதித்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். விரலில் குத்திப் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனையில் தொற்று தெரிய 90 நாள் வரைகூட ஆகலாம். அதுவரை ஆணுறையை விடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அடிக்கடி ஆபத்துக்கு ஆளாகிறவர்களை, முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மருந்து பற்றி டாக்டரிடம் பேச அனுப்புவோம்.

என் அனுபவத்தில் அதிகம் வேலை செய்த தகவல் ஒன்றுதான்: சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. பாசிட்டிவ் என்றால் வாழ்க்கையே முடிந்தது என்று நினைக்கிறவன் பரிசோதனைக்கே வரமாட்டான்.

சரி, இந்த ஏற்பாடு எங்கே சொதப்பும்? பணியாளர் ஒருவர் ஒரே ஒரு பெயரை வெளியே உளறினால் போதும், அந்த வட்டாரமே கதவைச் சாத்திவிடும். மாதம் இத்தனை பேரைப் பரிசோதனைக்குக் கூட்டி வா என்று டார்கெட் வைத்தாலும் கெட்டது. பயப்படுகிறவனை விட்டுவிட்டு, சுலபமாக வருகிறவனையே திரும்பத் திரும்பக் கூட்டி வருவார்கள். பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் கொடுங்கள், ஊக்கத்தொகையை மட்டும் நம்ப வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தொண்டர் என்று பெயர் வைத்துச் சொற்பக் காசு கொடுக்கும் இடங்கள் உண்டு. நல்ல பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரை நம்பியவர்கள் புது ஆளுக்கு போன் செய்ய மாட்டார்கள்.