வாசகர் கேள்வி: ஆற்றங்கரையில் ஒரு பழைய ஃபிரெஞ்சுச் சிற்றூர்

கேள்வி: ஃபிரான்ஸ் பயணத்தைப் பாரிஸோடு முடித்துவிடாமல், ஆற்றங்கரையிலுள்ள பழமையான சிற்றூர் ஒன்றில் இரண்டு நாள் தங்க விரும்புகிறோம். எங்கே செல்லலாம்?

பதில்: தயங்காமல் ஷினோன் என்பேன். தூர் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய இவ்வூர், வியென் ஆற்றுக்கும் பாறை முகட்டில் நீண்டு கிடக்கும் கோட்டைக்கும் நடுவே, ஒடுங்கிய தெருக்களாக அமைந்துள்ளது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1189-இல் உயிர் நீத்தது இங்கேதான்; ஆர்லியான் நகரம் முற்றுகையில் தவித்த 1429-இல், பின்னர் ஏழாம் சார்லஸாக முடிசூடிய ஃபிரெஞ்சு இளவரசரை வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் சந்தித்ததும் இக்கோட்டையில்தான். பெருமண்டபத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு சுவரும், தளம் இடிந்துபோனதால் அந்தரத்தில் நிற்கும் கணப்படுப்பும் மட்டுமே. ஆயினும், பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அரசவை முன் நின்று பேசிய இடம் அது என்று எண்ணும்போது மனம் நெகிழாமல் இராது.

ஊரின் வெளிர்நிறத்துக்குக் காரணம் துஃபோ என்னும் மென்மையான சுண்ணாம்புக்கல். விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். அதை வெட்டியெடுத்த குகைகளே இன்று வைன் நிலவறைகளாக விளங்குகின்றன.

கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்தான கல்பாவிய வழி என்பதால் நல்ல காலணி அவசியம். மாலையில் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குச் செல்லத் தவறாதீர்கள். கோட்டையும் கூரைகளும் நீரில் பிரதிபலிக்கும் முழுக்காட்சி அங்கிருந்துதான் கிடைக்கும். ஹென்றி அடக்கம் செய்யப்பட்ட ஃபோந்தெவ்ரோ மடாலயமும் அருகிலேயே இருப்பதால், இரண்டாம் நாளை அதற்கு ஒதுக்குங்கள்.